பேரிகை வயல் முதல் உங்க வீட்டு பக்கெட் வரை... நடுவுல ஒரு சல்லடை!

உங்க வீட்டுல விலை மலிவா வாங்குன கறுப்பு பக்கெட்டோ, பூந்தொட்டியோ இருந்தா, ஒரு நிமிஷம் அதோட விளிம்பை விரலால தடவிப் பாருங்க. மணல் மாதிரி ஏதாவது நெருடுதா? அங்கங்கே சின்னச் சின்ன முண்டு தெரியுதா? தேய்ச்சுக் கழுவினாலும் அது போகாது. ஏதோ ஒரு மறுசுழற்சி யூனிட்ல பழைய பிளாஸ்டிக்கை உருக்கினப்போ, சல்லடையில சிக்காம தப்பிச்சு வந்த சமாசாரம் அது.

அந்தச் சல்லடையைப் பற்றித்தான் இப்போ பேசப் போறோம். சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்ன ஒரு கம்பி வலை. அதுக்கு எதுக்கு ஒரு கட்டுரைன்னு கேட்டா, காரணம் இருக்கு.

பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2022 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு பெரிய திருத்தம் கொண்டுவந்தது. பிளாஸ்டிக்கில் பேக் செய்து பொருள் விற்கும் நிறுவனங்கள், அந்தக் கழிவுக்கும் பொறுப்பேற்கணும். அதோடு, புதிதாகச் செய்யும் பேக்கிங்கில் குறிப்பிட்ட சதவிகிதம் மறுசுழற்சி பிளாஸ்டிக் கலந்தே ஆகணும். பாட்டில், டப்பா மாதிரியான கெட்டி பிளாஸ்டிக்கில் 2025-26 நிதியாண்டுக்கு 30%, அடுத்த ஆண்டு 40%, அப்புறம் 50%, 2028-29-ல் 60%. கவர், ஷீட் மாதிரியான மெல்லிய ரகத்துக்கு 10%-ல் தொடங்கி 20% வரை. பல அடுக்கு சாஷே வகைக்கு 5%-லிருந்து 10% வரை.

காகிதத்தில் படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இத்தனை மறுசுழற்சிக் குருணை எங்கிருந்து வரும், எந்தத் தரத்தில் வரும்? இதுக்கான பதில் டெல்லியில் இல்லை. ஓசூர், சூளகிரி, பேரிகை மாதிரியான ஊர்களில், வயல் வரப்புல சுருட்டிப் போட்டிருக்கிற பழைய ஷீட்டிலும், அதை உருக்கும் மெஷின் முனையில் மாட்டியிருக்கிற அந்த வலையிலும்தான் இருக்கு.

பேரிகை தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கிருஷ்ணகிரி மாவட்டம், சூளகிரி வட்டம். கொஞ்ச தூரம் போனா கர்நாடகாவின் மாலூர் பக்கம். கடைத்தெருவுல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கலந்து ஓடும். ஒரு பக்கம் ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகள். இன்னொரு பக்கம் பசுமைக்குடில் ரோஜா, குடைமிளகாய், தக்காளி, கொத்தமல்லி. தொழிற்சாலை ஏரியான்னா பிளாஸ்டிக் கழிவு அங்கிருந்துதான் வரும்னு நினைப்போம். இங்கே விவசாயமும் பிளாஸ்டிக் மேலதான் நடக்குது. பசுமைக்குடிலுக்கு 200 மைக்ரான் ஷீட், தண்ணிக்கு சொட்டுநீர்க் குழாய், பாத்தியை மூட மேலே வெள்ளி நிறமும் அடியில கறுப்புமா இருக்கிற மல்ச்சிங் ஷீட்.

இதுல குடில் ஷீட்டுக்குப் பிரச்னை அதிகமில்லை. தடிமனா இருக்கும், மண் படாது, பழைய சாமான் வியாபாரி தேடி வந்து எடுத்துப்பார். சொட்டுநீர்க் குழாயும் அப்படித்தான். மாட்டிக்கிட்டு முழிக்கிறது மல்ச்சிங் ஷீட்.

டீயை வடிகட்டலாம், சர்க்கரையை?

முதல்ல அந்த வலை என்ன வேலை செய்யுதுன்னு பார்த்துடுவோம். பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிச்சு, துண்டு துண்டா அரைச்சு, கழுவி, காயவெச்சு எக்ஸ்ட்ரூடர்ங்கிற மெஷின்ல போடுவாங்க. முறுக்குப் பிழியிற அச்சோட பெரியண்ணன்னு வெச்சுக்கோங்க. சூடான குழாய்க்குள்ள ஒரு நீளமான திருகு சுத்தும். பாலித்தீன்னா 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு. உருகின பிளாஸ்டிக் தேன் மாதிரி, இல்லை, தேனைவிடப் பல மடங்கு கெட்டியா முன்னாடி தள்ளப்படும். குழாயோட முனையில துளை போட்ட ஒரு கனமான இரும்புத் தட்டு. அதுக்கு முன்னாடி ஸ்டீல் கம்பி வலைகளை அடுக்கி வெச்சிருப்பாங்க. வலையைத் தாண்டி வர்ற பிளாஸ்டிக் நூடுல்ஸ் மாதிரி இழையா இறங்கி, தண்ணித் தொட்டியில குளிர்ந்து, குருணையா வெட்டுப்படும்.

வலைக்கு நம்பர் உண்டு. 40, 60, 80, 100, 120... ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண் என்பது கணக்கு. நம்பர் கூடக்கூட கண் சின்னதாகும். 40-ம் நம்பர் வலையில கண் 400 மைக்ரான் அளவு, 100-ல் சுமார் 150, 200-ல் சுமார் 75. நம்ம தலைமுடியோட தடிமன் எழுபது மைக்ரான் பக்கம்.

அப்போ 200-ம் நம்பரையே போட்டுட வேண்டியதுதானே? அங்கதான் சிக்கல். கண் சின்னதானா வலை சீக்கிரம் அடைச்சுக்கும். ஒரு சின்ன யூனிட் ஒரு நாளைக்கு 1,000 கிலோ உருக்குதுன்னு வெச்சுப்போம். கழுவின பிறகும் 1% அழுக்கு மிச்சம் இருந்தா 10 கிலோ. அந்தப் பத்து கிலோ மண்ணும் குப்பையும் ஒரு சின்னத் தட்டு அளவு வலையில வந்து மோதணும். உள்ளே அழுத்தம் ஏறும், மோட்டார் முனகும், வெளியே வர்ற இழை மெலியும். மெஷினை நிறுத்தி, முனையைக் கழட்டி, கொதிக்கிற பிளாஸ்டிக்குக்கு நடுவுல வலையை இழுத்துப் போட்டுட்டு புதுசு மாட்டணும். தாமதம் பண்ணினா வலை கிழிஞ்சு, தேங்கியிருந்த அழுக்கு மொத்தமும் குருணைக்குள்ள பாய்ஞ்சிடும். நிறுத்தி வெச்சிருக்கிற நேரத்துலயும் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் வெந்துக்கிட்டேதான் இருக்கும். கருகிப்போன அந்தத் துணுக்குகளும் அப்புறம் கறுப்புப் புள்ளியா குருணையில வந்து சேரும். அழுக்கை எடுக்கப் போய் புது அழுக்கு!

அதனால முதலாளி என்ன செய்வார்? 80 போட வேண்டிய இடத்துல 40 போடுவார். வேலை ஓடும். உங்க பக்கெட்ல நெருடும்.

சரி, நல்ல மெஷின், நல்ல வலை, தாராளமா கரன்ட் எல்லாம் இருந்தா முழுசா சுத்தமாகிடுமா? டீ வடிகட்டி தூளைப் பிடிக்கும். சர்க்கரையைப் பிடிக்குமா? உருகாத பொருள் மட்டும்தான் வலையில சிக்கும். மண், கல், கம்பி, காகிதம், மரத்தூள், அலுமினியத் தாள் எல்லாம் சிக்கும். தண்ணி பாட்டிலோட பெட் பிளாஸ்டிக் உருக 250 டிகிரிக்கு மேல வேணும். பாலித்தீன் உருகுற சூட்டுல அது கட்டியாவே இருக்கும், அதனால அதுவும் சிக்கும். ஆனா மூட்டை, சாக்கு செய்ற பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரி பக்கத்துலயே உருகிடும். பாலித்தீனோட சேர்ந்து சமர்த்தா வலையைக் கடந்து போயிடும். அப்புறம் ரெண்டும் ஒண்ணோடொண்ணு ஒட்டாம, பொருள் பலவீனமா வரும். பி.வி.சி இன்னும் மோசம். சூட்டுல சிதைஞ்சு அமில வாயுவை விடும், மெஷினையே அரிக்கும். மை, வாசனை, பூச்சிமருந்து எச்சம், தீப்பிடிக்காம இருக்கச் சேர்த்த ரசாயனம் இதுக்கெல்லாம் வலை ஒரு பொருட்டே இல்லை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13 நாடுகளிலிருந்து மறுசுழற்சி பாலித்தீன் குருணையை வாங்கிப் பரிசோதிச்சு, 2023-ல் முடிவை வெளியிட்டாங்க. அளவிட்டுச் சொல்லக்கூடிய கரிம ரசாயனங்கள் மட்டும் 491. அதில் பூச்சிக்கொல்லிகளும் மருந்துப் பொருள்களும் இருந்தன. எல்லாம் ஏதோ ஒரு வலையைக் கடந்து வந்தவைதான்.

அதுக்காக வாட்ஸ்அப்ல வர்ற எல்லாத்தையும் நம்பிடாதீங்க. 2024 இறுதியில் கறுப்பு பிளாஸ்டிக் கரண்டி பற்றி ஒரு அமெரிக்க ஆய்வு உலகம் முழுக்கச் சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? பழைய எலெக்ட்ரானிக் பொருள்களின் பிளாஸ்டிக்கில் இருந்த தீத்தடுப்பு ரசாயனம் சமையல் கரண்டிக்குள்ள வந்திருக்குன்னு சொன்னது சரிதான். ஆனா பாதுகாப்பான அளவைக் கணக்கிடும்போது 60-ஐ 7,000-ஆல் பெருக்கி 4,20,000 எழுத வேண்டிய இடத்துல 42,000-னு எழுதிட்டாங்க. ஒரு சைபர் போனதுல ஆபத்து பத்து மடங்கு பெருசாத் தெரிஞ்சது. அப்புறம் திருத்தம் வெளியிட்டாங்க. அந்தத் திருத்தத்தை யாரும் ஃபார்வர்டு பண்ணலைங்கிறது வேற கதை. விஷயம் என்னன்னா, மறுசுழற்சி பிளாஸ்டிக் பூந்தொட்டியாவோ, பக்கெட்டாவோ, குழாயாவோ வந்தா அலற வேண்டியதில்லை. எங்கிருந்து வந்ததுன்னு தெரியாத கறுப்பு பிளாஸ்டிக் உணவுப் பாத்திரமாவோ, குழந்தை வாயில வைக்கிற பொம்மையாவோ வந்தாத்தான் யோசிக்கணும்.

75 கிலோ ஷீட், எத்தனை கிலோ மண்?

இப்போ பேரிகை வயலுக்குத் திரும்புவோம். ஒரு ஏக்கர் தக்காளிக்கு எவ்வளவு மல்ச்சிங் ஷீட்? பாத்திக்குப் பாத்தி 5 அடி, ஷீட் அகலம் 4 அடி, தடிமன் 25 மைக்ரான்னு வெச்சு நானே போட்ட கணக்கு இது: கிட்டத்தட்ட 75 கிலோ. பயிர் முடிஞ்சதும் பிய்ச்சு எடுக்கும்போது அதே ஷீட்டைத் தூக்கிப் பாருங்க. செம்மண், வேர், தண்டு, காய்ஞ்ச இலை எல்லாம் ஒட்டி, பிளாஸ்டிக் எடைக்குச் சமமாவோ, அதைவிட அதிகமாவோ மண் இருக்கும். மெல்லிசான ஷீட்ல சின்ன எடைக்குப் பெரிய பரப்பு. அந்தப் பரப்பு முழுக்க மண் ஒட்டும். அதுதான் காரணம்.

இதை யார் வாங்குவா? பிளாஸ்டிக் விலை கொடுத்து மண் வாங்க வியாபாரிக்கு என்ன தலையெழுத்தா? யூனிட்காரர் கணக்கும் அதேதான். மணல் துகள் வலையை அடைக்கும், திருகைத் தேய்க்கும். களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் கீழே. எந்த வலையிலயும் நிக்காம குருணைக்குள்ள போயிடும். ஆக, உருக்குறதுக்கு முன்னாடியே கழுவணும். இந்த வறண்ட மண்ணுல கழுவத் தண்ணி எங்கே? அப்படியே கழுவினாலும் அந்தச் சேறும், அதுல மிதக்கிற பொடி பிளாஸ்டிக்கும் எங்கே போகும்? பிரிட்டன்ல ஒரு நவீன மறுசுழற்சி ஆலையை ஆராய்ஞ்சு 2023-ல் வெளியான ஆய்வு, உள்ளே போற பிளாஸ்டிக்கில் 13% வரை நுண்துகளா கழுவின தண்ணியோட வெளியேறியிருக்கலாம்னும், தண்ணிக்கு ஃபில்டர் வெச்ச பிறகு அது 6% ஆனதுன்னும் கணக்கிட்டது. பெங்களூருக் கழிவுநீரால கெலவரப்பள்ளி அணையில நுரை பொங்குறதை டி.வி-யில பார்த்தே பழகிட்ட மாவட்டம் இது. இன்னொரு கழிவுநீரை இங்கே யாரும் விரும்ப மாட்டாங்க.

இன்னொரு கணக்கும் இருக்கு. 25 மைக்ரான் ஷீட் செய்யணும்னா, குருணைக்குள்ள 100 மைக்ரான் மணல் ஒண்ணு இருந்தாலும் அந்த இடத்துல ஓட்டை விழும். அதனால வயல்ல இருந்து போன மல்ச்சிங் ஷீட் திரும்ப மல்ச்சிங் ஷீட்டா வயலுக்கு வர்றது ரொம்பக் கஷ்டம். தடிமனான குழாய், தொட்டி, பக்கெட்னு ஒருபடி கீழே இறங்கும். பெரும்பாலும் அதுகூட நடக்கறதில்லை. வரப்போரம் குவிச்சு கொளுத்திடறாங்க, இல்லைன்னா டிராக்டரை விட்டு உழுதுடறாங்க. உழுத துண்டு மண்ணுலயேதான் கிடக்கும்.

விவசாயியைத் திட்டிட்டுப் போறது சுலபம். ஆனா சட்டத்தைப் பாருங்க. நான் மேலே சொன்ன பொறுப்பு, சதவிகிதம் எல்லாமே பேக்கிங் பிளாஸ்டிக்குக்குத்தான். ஒரு ரூபாய் ஷாம்பு சாஷேவுக்குப் பதில் சொல்ல ஒரு கம்பெனி இருக்கு. ஏக்கருக்கு 75 கிலோ விரிக்கிற மல்ச்சிங் ஷீட் பேக்கிங் கிடையாது. அதனால அதுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. கடையில கொடுக்கிற கேரி பேக் 120 மைக்ரான் இருக்கணும்னு 2022 டிசம்பர் 31 முதல் விதி இருக்கு, தடிமனா இருந்தாத்தான் திரும்பச் சேகரிக்க முடியும்னு. வயலுக்கு அந்த யோசனை வரலை. தோட்டக்கலைத் திட்டத்துல மல்ச்சிங் ஷீட் விரிக்கச் செலவில் பாதி வரை மானியம் கிடைக்குது. விரிக்க அரசுப் பணம் இருக்கு. திரும்ப எடுக்கிற வேலை மட்டும் விவசாயி தலையில.

வேற நாடுகள் இதைக் கண்டுக்காம இல்லை. ரொம்ப மெல்லிசான ஷீட்டை விரிச்சு விரிச்சு நிலத்தையே பிளாஸ்டிக் காடாக்கிக்கிட்ட சீனா, 2018-ல் குறைந்தபட்சத் தடிமனை 8-லிருந்து 10 மைக்ரானாக உயர்த்தியது. நம்ம ஊர் ஷீட் அதைவிடத் தடிமன்தான், அந்த வகையில நாம தப்பிச்சோம். பிரான்ஸில் 2001-ல் தொடங்கின அடிவலோர் என்ற அமைப்பு, விற்கிற நிறுவனங்கள் செலுத்துற பங்குப் பணத்துல விவசாயப் பிளாஸ்டிக்கைச் சேகரிக்குது. என் கண்ணுக்கு அதுல முக்கியமாப் படறது பணம் மட்டும் இல்லை. வயல்லயே மண்ணை உதறி, ஷீட்டைச் சுருட்டி எடுக்கிற முறையைக் கொண்டுவர அவங்க மெனக்கெட்டதுதான். வலையில பிடிக்க வேண்டிய மண்ணை வயல்லயே விட்டுட்டு வர்ற வேலை அது.

அடைச்ச வலை எங்கே போகுது?

இதுதான் யாரும் பேசாத பகுதி. அடைச்சுப்போன வலையில பிளாஸ்டிக் கட்டியா இறுகியிருக்கும். ஸ்டீல் வலைக்கு விலை உண்டு, தூக்கிப் போட மனசு வராது. சின்ன யூனிட்கள் பலவற்றுல என்ன செய்றாங்கன்னா, பின்பக்கம் குவிச்சு நெருப்பு வெச்சுடறாங்க. பிளாஸ்டிக் எரிஞ்சு போகும், கம்பி மிஞ்சும், தட்டி எடுத்து மறுபடி மாட்டுவாங்க. மறுசுழற்சின்னு நாம நிம்மதியாப் போட்ட கவர்ல ஒரு பங்கு இப்படித்தான் புகையா முடியுது. அதுல பி.வி.சி கலந்திருந்தா புகையில ஹைட்ரோகுளோரிக் அமிலமும் டையாக்சினும் சேரும். அதைச் சுவாசிக்கிறது வலை மாத்துற தொழிலாளியும் பக்கத்து வீட்டுக்காரரும்தான்.

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் திறந்தவெளியில் குப்பை எரிக்கத் தடை போட்டு, சாதாரணமா எரிச்சா 5,000 ரூபாய், மொத்தமா எரிச்சா 25,000 ரூபாய் இழப்பீடுன்னு உத்தரவிட்டது. இந்த வலைக் குவியலைக் குப்பைன்னு யார் போய்ப் பார்ப்பா?

மாற்று இல்லாம இல்லை. காற்றில்லாத அடுப்புல வெச்சு வலையைச் சுத்தம் செய்யலாம். மெஷினை நிறுத்தாமலே ஒரு வலை போய் இன்னொண்ணு வர்ற ஹைட்ராலிக் அமைப்பு இருக்கு. ஆஸ்திரியா, ஜெர்மனி நிறுவனங்கள் இன்னும் மேலே போய், லேசர்ல துளை போட்ட தட்டும், அதுமேல சேர்ற அழுக்கைச் சுரண்டித் தானே வெளியே தள்ளுற கத்தியும் வெச்ச வடிகட்டிகளைச் செய்றாங்க. அதுல வலை மாத்துற வேலையும் கிடையாது, எரிக்கிற வேலையும் கிடையாது. ஆனா அந்த விலை ஷெட்டு போட்டு நடத்துற யூனிட்டுக்கு எட்டாது.

இங்கேதான் சட்டத்தின் மேல எனக்கு வருத்தம். நிறுவனங்கள் இலக்கை எட்டினதுக்கு மறுசுழற்சி யூனிட்கிட்ட சான்றிதழ் வாங்கிக் காட்டணும். அந்தச் சான்றிதழ் டன் கணக்கைத்தான் பேசும். எந்த வலை போட்டீங்க, அடைச்ச வலையை என்ன செஞ்சீங்கன்னு விலை வெச்சுக் கேட்காது. 40-ம் நம்பர்ல ஓட்டினவரும் 120-ல் ஓட்டினவரும் காகிதத்துல ஒண்ணுதான். அந்த டன் கணக்காவது உண்மையான்னா, 2023-ல் குஜராத், மகாராஷ்டிரா, கர்நாடகாவைச் சேர்ந்த நான்கு மறுசுழற்சி நிறுவனங்கள் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் உருவாக்கியதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டுபிடிச்சது. உருக்காமலே சான்றிதழ் விற்க முடிஞ்சா, நல்ல வலைக்குச் செலவு பண்றவர் ஏமாளி ஆகிடறார். இலக்கு 60% நோக்கி ஏற ஏற இந்த ஆசையும் ஏறும். சான்றிதழுக்கான பணத்துல ஒரு பகுதியைக் குருணையின் தரத்தோடு கட்டிப்போட்டா, வடிகட்டிக்குக் கடன் மானியம் கொடுத்தா, மல்ச்சிங் ஷீட்டையும் இந்தப் பொறுப்புக்குள்ள கொண்டுவந்தா, பேரிகை மாதிரி ஊர்ல நாலு யூனிட் சேர்ந்தாவது ஒரு நல்ல மெஷின் வாங்க யோசிப்பாங்க.

"அதெல்லாம் அரசாங்கம் பார்க்கட்டும், நான் என்ன பண்ண?"ன்னு கேட்கறீங்களா? வலையால முடியாததை உங்களால செய்ய முடியும். பால் கவரை அலசிக் காயவெச்சுப் போடுங்க. வெட்டும்போது மூலையைத் துண்டா கத்தரிச்சு எறியாதீங்க. உள்ளே வெள்ளியா மினுங்குற சிப்ஸ் பாக்கெட்டை பால் கவரோட ஒரே பையில திணிக்காதீங்க, அது ஒட்டுமொத்தப் பையையும் கெடுக்கும். பழைய ஒயர், பி.வி.சி குழாய், டேபிள் கவர் இதெல்லாம் தனி.

பாகலூர், பேரிகை, சூளகிரி பக்கம் இதைப் படிக்கிற விவசாயிகளுக்கு: மல்ச்சிங் ஷீட் வாங்கும்போது ஒருபடி தடிமனாவே வாங்குங்க. எடுக்கும்போது கிழியாம வரும். மழை பெஞ்ச மறுநாள் எடுக்காதீங்க. ரெண்டு மூணு நாள் வெயில்ல மண் காய்ஞ்ச பிறகு ஒரு முனையில பிடிச்சு உதறி, பந்தா சுருட்டாம பாய் மாதிரி சுருட்டுங்க. மண் உதிர்ந்த ஷீட்டுன்னா வியாபாரியும் பேரம் பேசவாவது நிப்பார். சொட்டுநீர்க் குழாயை அதோட கலக்காம தனியா வெச்சா அதுக்குத் தனி விலை. பூச்சிமருந்து பாட்டிலை மூணு தடவை அலசி, அந்தத் தண்ணியை மருந்து டேங்க்லயே ஊத்திட்டு, ஓட்டை போட்டுத் தனியா வைங்க. ஷீட் மூட்டைக்குள்ள மட்டும் அது போகவே கூடாது.